ஹாம்லெட் ஏன் தாமதித்தான்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவர் ஒருவர்

முன்னுரை

"இயற்பியல் படிக்கிறவனுக்கு ஷேக்ஸ்பியர் எதற்கு?" இம்மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் விடுதி நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரு நாடகம் நம் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்போது, நாம் எந்தத் துறை மாணவர் என்று கேட்டுவிட்டா பிடிக்கிறது? முதலாண்டில் எங்கள் ஆங்கிலப் பாடத்தில் 'ஹாம்லெட்' நாடகத்தின் ஒரு காட்சி இருந்தது. தேர்வு முடிந்ததும் பாடத்தை மறந்துவிடுவது மாணவர் மரபு. என்னால் அதை மறக்க முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

அந்தக் கோடை விடுமுறையில் நான் ஊரில் இருந்தபோது, வரப்புத் தகராறில் பக்கத்து வயற்காரர் ஒருவர் என் தந்தையைத் தேநீர்க் கடை வாசலில் வைத்து, நாலு பேர் பார்க்கக் கைநீட்டி அடித்துவிட்டார். அப்பா கீழே விழுந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அன்றிரவு என் தாய்மாமன் என்னைத் தனியே அழைத்து, "ஏன் மாப்ளே, காலேஜுப் படிப்பு உன் கையைக் கட்டிப் போட்டுடுச்சா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கூரையில் செருகியிருந்த அரிவாளைப் பார்த்தபடி விடியும்வரை விழித்துக் கிடந்தேன்.

அப்போதுதான் டென்மார்க் இளவரசனின் நினைவு வந்தது. அவனும் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வந்தவன். தந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்குப் பழி தீர்க்கக் கடமைப்பட்டவன். தீர்க்காமல் நாள் கடத்தியவன். அவன் ஏன் தாமதித்தான்? இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் கேட்டுவரும் இக்கேள்வியை, ஓர் அறிவியல் மாணவனின் கண்கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதைச் சுருக்கம்

ஷேக்ஸ்பியர் இந்நாடகத்தை 1600-ஆம் ஆண்டை ஒட்டி எழுதினார். 1603-இல் ஒரு சிறிய பதிப்பும், அதையடுத்து 1604-05-இல் விரிவான பதிப்பும் வெளிவந்தன. அவர் எழுதிய நாடகங்களுள் மிக நீளமானது இதுவே. தாமதத்தைப் பொருளாகக் கொண்ட நாடகம் நீண்டு போனதில் வியப்பில்லை அல்லவா?

டென்மார்க் அரசன் இறந்து இரண்டு மாதம்கூட முழுமையாகவில்லை. அவன் தம்பி கிளாடியஸ் அரியணை ஏறி, அண்ணன் மனைவி கெர்ட்ரூடையும் மணந்துகொள்கிறான். விட்டன்பர்க் பல்கலைக் கழகத்தில் பயிலும் இளவரசன் ஹாம்லெட் தந்தையின் இறுதிச் சடங்குக்கு வந்து, தாயின் மறுமணத்தையும் பார்க்கிறான். ஓர் இரவு, கோட்டை மதில்மேல் தந்தையின் ஆவி தோன்றுகிறது. தோட்டத்தில் உறங்கிக்கொண்டிருந்தபோது தன் காதில் நஞ்சை ஊற்றிக் கொன்றவன் தம்பியே என்றும், பாம்பு கடித்ததாக நாட்டை ஏமாற்றிவிட்டான் என்றும் கூறி, பழி வாங்குமாறு பணிக்கிறது. தாய்க்கு மட்டும் தீங்கு செய்யாதே என்றும் எச்சரிக்கிறது. ஹாம்லெட் உடனே வாக்களிக்கிறான். பிறகு பைத்தியம்போல் நடிக்கத் தொடங்குகிறான்.

வாக்களித்த அங்கத்திலிருந்து மூன்றாம் அங்கத்துக்கு வந்தால், தந்தை இறந்து நான்கு மாதம் ஆகிவிட்டதாக அவன் காதலி ஒபீலியா சொல்கிறாள். ஆக, இடையில் ஏறத்தாழ இரண்டு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் அவன் செய்தது என்ன? நடித்தான், படித்தான், தன்னைத் தானே ஏசிக்கொண்டான். உயிர்வாழ்வதா, மாய்வதா என்று அவன் எண்ணிப் பார்க்கும் புகழ்பெற்ற தனிமொழியும் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. வியப்பு என்னவென்றால், அத்தனிமொழியில் கொலையுண்ட தந்தையைப் பற்றியோ, கொன்ற சிற்றப்பனைப் பற்றியோ நேரடியாக ஒரு சொல்லும் இல்லை!

பழைய கதையும் புதிய நாடகமும்

இக்கதை ஷேக்ஸ்பியர் கற்பனையில் பிறந்ததன்று. டென்மார்க்கைச் சேர்ந்த சாக்ஸோ கிரமாட்டிகஸ் என்பார் 1200-ஆம் ஆண்டையொட்டி இலத்தீன் மொழியில் எழுதிய வரலாற்று நூலில் 'ஆம்லெத்' என்ற இளவரசனின் கதை உண்டு. பெல்ஃபோரே என்பவர் அதைப் பிரெஞ்சு மொழியில் 1570-இல் விரித்து எழுதினார்.

பழைய கதையில் தாமதம் ஒரு புதிரே அன்று. அங்கே சிற்றப்பன் செய்த கொலை ஊரறிந்த கொலை. கொல்லப்பட்டவனின் மகன் தன் பகைவன் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே ஆம்லெத் உயிர் பிழைக்கப் பைத்தியம்போல் நடிக்கிறான். காலம் வந்ததும் மாளிகைக்குத் தீ வைத்துப் பழி முடிக்கிறான். தடை வெளியில் இருந்தது. தடை நீங்கியதும் செயல் நடந்தது.

ஷேக்ஸ்பியர் செய்த மாற்றம் ஒன்றே. கொலையை மறைவானதாக ஆக்கினார். கொலையைக் கண்டவர் யாருமில்லை. சொன்னதோ ஓர் ஆவி. பகைவனுக்குத் தன்மீது ஐயமே இல்லாத நிலையில், ஹாம்லெட் பைத்தியம்போல் நடிக்க வேண்டிய தேவைகூட இல்லை. நடித்ததால்தான் ஐயம் பிறக்கிறது. இவ்வாறு வெளியே இருந்த தடைகளையெல்லாம் நீக்கிவிட்டு, தடையை மனிதனின் நெஞ்சுக்குள் கொண்டுபோய் வைத்தார் நாடகப் பேராசான். பழிவாங்கும் கதை மனித மனத்தின் கதையாக மாறியது இந்த இடத்தில்தான்.

சோதனை செய்த மாணவன்

ஹாம்லெட்டைக் கோழை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் நாடகம் அதற்கு இடந்தரவில்லை. திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்து ஒட்டுக் கேட்ட அமைச்சர் பொலோனியஸை, யாரென்று பாராமலேயே வாளால் குத்திவிடுகிறான். கடற்கொள்ளையர் கப்பலைத் தாக்கும்போது, அவர்கள் கப்பலில் தனியொருவனாய்ப் பாய்கிறான். தன்னைக் கொல்லச் சொல்லும் ஓலையைத் திருத்தி எழுதி, அதைக் கொண்டு சென்ற பழைய நண்பர்கள் இருவரையும் சாவுக்கு அனுப்புகிறான். நினைக்க நேரம் இல்லாதபோது அவன் மின்னல். நினைக்க நேரம் கிடைத்தால்தான் நின்றுவிடுகிறான்.

அப்படி நின்று அவன் நினைத்தது என்ன? ஆவியின் பேச்சை நம்பலாமா என்பது முதற்கேள்வி. அவன் பயின்ற விட்டன்பர்க், மார்ட்டின் லூதர் 1517-இல் சமயச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த ஊர். இறந்தோரின் உயிர்கள் இடைநிலை உலகில் நெருப்பில் தூய்மையடைகின்றன என்ற பழைய நம்பிக்கையைச் சீர்திருத்தச் சபையார் மறுத்தனர். ஆவியோ அப்படிப்பட்ட இடத்திலிருந்துதான் வருவதாகச் சொல்கிறது. வந்தது தந்தையா, தந்தையின் வடிவில் வந்த சாத்தானா? ஹாம்லெட் தானே இந்த ஐயத்தை வெளியிடுகிறான். படித்தவனுக்கு இந்த ஐயம் வராவிட்டால்தான் வியப்பு.

ஐயம் வந்ததும் அவன் செய்வது அறிவியல் மாணவர்கள் மகிழத்தக்க செயல். சோதனை ஒன்றை ஏற்பாடு செய்கிறான்! ஊருக்கு வந்த நாடகக் குழுவைக் கொண்டு, தந்தை கொலையுண்ட விதத்தை ஒத்த நாடகம் ஒன்றை அரசன் முன்னால் நடிக்கச் செய்கிறான். தன் கண்ணை மட்டும் நம்பாமல், நண்பன் ஹொரேஷியோவையும் அரசன் முகத்தைக் கவனிக்கச் சொல்கிறான். நம் ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவீட்டை இருவர் எடுத்து ஒப்பிடுவது போன்றதுதான் இது. காதில் நஞ்சு ஊற்றும் காட்சியில் அரசன் எழுந்து வெளியேறுகிறான். குற்றம் உறுதியாயிற்று என்று ஹாம்லெட் துள்ளுகிறான்.

ஆனால் சோதனையில் ஒரு குறை இருக்கிறது. அந்த நாடகத்தில் நஞ்சூற்றுபவன் அரசனின் தம்பி அல்லன். அரசனின் அண்ணன் மகன் முறையுடையவன். இதை ஹாம்லெட்டே அவையில் உரக்கச் சொல்கிறான். அப்படியானால் கிளாடியஸ் எழுந்தது, தான் செய்த கொலை நினைவுக்கு வந்ததாலா? தன் அண்ணன் மகன் தன்னைக் கொல்லப் போகிறான் என்று அஞ்சியதாலா? அதே கொலை முதலில் வசனமின்றி ஊமைக் காட்சியாகக் காட்டப்பட்டபோது அவன் அசையவே இல்லை என்பதையும் நினைக்க வேண்டும். இரு காரணங்களுக்கும் ஒரே விளைவு கிட்டுமாயின், அச்சோதனை எதையும் மெய்ப்பிப்பதில்லை என்பது நமக்குப் பாடம். பார்வையாளராகிய நமக்கு, அடுத்த காட்சியில் கிளாடியஸ் தனிமையில் குற்றத்தை ஒப்புக்கொள்வதால் ஐயம் தீர்கிறது. ஹாம்லெட்டின் காதில் அந்த ஒப்புதல் விழவில்லை.

ஒரு வாள்வீச்சும் எட்டு உயிர்களும்

அந்த அடுத்த காட்சியே நாடகத்தின் உயிர்நாடி. கிளாடியஸ் தனியே மண்டியிட்டு வழிபட முயல்கிறான். காவலர் இல்லை. ஹாம்லெட் பின்னால் வந்து நிற்கிறான், வாளை உருவுகிறான், பிறகு உறையில் இடுகிறான். வழிபடும்போது கொன்றால் இவன் உயிர் விண்ணுலகம் போய்விடும். பாவமன்னிப்புக்கு வாய்ப்பின்றி இறந்த என் தந்தைக்கு அது நீதியாகாது. குடித்தோ கோபித்தோ பாவத்தில் திளைக்கும்போது கொல்வேன் என்று சொல்லிப் போய்விடுகிறான்.

இது தயக்கத்துக்குச் சொன்ன சாக்கா, அல்லது சாவுக்கு அப்பாலும் தண்டிக்க எண்ணும் கொடிய வெறியா? 1765-இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பித்த டாக்டர் ஜான்சன், இந்தப் பேச்சு படிக்கவும் சொல்லவும் தகாத அளவுக்குக் கொடியது என்று கருதினார். பின்வந்த பலர் இது வெறும் சாக்கு என்றனர். எதுவாயினும், ஹாம்லெட் அப்பால் சென்றபின் கிளாடியஸ் எழுந்து, தன் வாய் வழிபட்டதே அன்றி மனம் வழிபடவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். ஹாம்லெட் கைநிறுத்தியதற்குச் சொன்ன காரணமே பொய்த்துப் போகிறது!

அன்று நின்ற ஒரு வாள்வீச்சின் விலையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். அடுத்த காட்சியிலேயே பொலோனியஸ் சாகிறான். தந்தையை இழந்து மனம் பேதலித்த ஒபீலியா நீரில் மூழ்குகிறாள். நண்பர்கள் ரோசன்கிரான்ட்ஸும் கில்டன்ஸ்டர்னும் இங்கிலாந்தில் மடிகின்றனர். இறுதி வாட்போட்டியில் கெர்ட்ரூட், லேயர்டஸ், கிளாடியஸ், ஹாம்லெட் ஆகிய நால்வரும் ஒரே கூடத்தில் வீழ்கின்றனர். மொத்தம் எட்டு உயிர்கள். அவற்றுள் பழிக்குரிய உயிர் ஒன்றே.

அறிஞர்கள் சொன்னவை

இத்தாமதத்துக்கு ஜெர்மன் கவிஞர் கேதே ஓர் உவமை சொன்னார். அழகிய பூக்கள் வைக்க வேண்டிய சாடியில் ஓக் மரக்கன்றை நட்டால், வேர் பருத்துச் சாடி உடையும். மென்மையான உள்ளத்தில் தாங்கவொண்ணாக் கடமை நடப்பட்டது என்றார். கோல்ரிட்ஜ், சிந்தனை மிகுந்து செயலாற்றல் குன்றியவன் என்றார். ஏ. சி. பிராட்லி 1904-இல் வெளியிட்ட நூலில், தாயின் அவசர மணத்தால் ஏற்பட்ட ஆழ்ந்த மனச்சோர்வே காரணம் என்றார். உளவியலறிஞர் பிராய்டு 1900-இல் வேறொரு விளக்கம் தந்தார். தந்தையை நீக்கித் தாயின் அருகில் இடம்பெறும் குழந்தைக்கால ஆசையைச் சிற்றப்பன் நிறைவேற்றிவிட்டதால், அவனைத் தண்டிக்க ஹாம்லெட்டின் கை எழவில்லை என்பது அவர் கருத்து. கவிஞர் டி. எஸ். எலியட்டோ 1919-இல், நாயகனின் உணர்ச்சிக்கு ஈடான காரணம் நாடகத்திலேயே இல்லை. இது தோல்வியுற்ற படைப்பு என்று அதிர்ச்சி தந்தார்.

இவற்றை ஒதுக்க நான் யார்? எனினும் இவ்விளக்கங்கள் பெரும்பாலும் அவன் நெஞ்சையே நோக்குகின்றன. அவன் நாட்டைப் போதுமான அளவு நோக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. குற்றவாளி யார்? அரசன். தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் யார்? அதே அரசன். சாட்சி யார்? கல்லறையிலிருந்து வந்த ஆவி. முறையிட ஒரு மன்றமோ, காட்ட ஒரு சான்றோ இல்லாதவன் எங்கே போவான்? பேக்கன் 1625-இல் எழுதிய கட்டுரையில், பழிவாங்குபவன் சட்டத்தின் வேலையைப் பறித்துக்கொள்கிறான் என்று கண்டித்தார். உண்மைதான். ஆனால் சட்டமே குற்றவாளியின் கையில் இருக்கும்போது? துன்பியல் பிறப்பது அங்கேதான்.

தந்தையை இழந்த மூவர்

விரைந்து செய்திருந்தால் எல்லாம் நலமாகியிருக்குமோ என்ற கேள்விக்கும் ஷேக்ஸ்பியர் விடை வைத்திருக்கிறார். இந்நாடகத்தில் தந்தையை இழந்த இளைஞர்கள் மூவர்.

ஒருவன் ஹாம்லெட். மற்றொருவன் பொலோனியஸின் மகன் லேயர்டஸ். தந்தை இறந்தான் என்று கேட்டதும் கூட்டம் திரட்டி அரண்மனைக் கதவை உடைத்துக்கொண்டு வருகிறான். கோயிலுக்குள்ளேயே ஹாம்லெட்டின் கழுத்தை அறுப்பேன் என்கிறான். வழிபடுபவனைக் கொல்லத் தயங்கிய ஹாம்லெட்டுக்கு நேர் எதிரான சொல்! அந்த விரைவு அவனை எங்கே கொண்டுபோய்விட்டது? கிளாடியஸின் கையில் கருவியானான். வாள்முனையில் நஞ்சு தடவினான். அந்த நஞ்சாலேயே மாண்டான்.

மூன்றாமவன் நார்வே இளவரசன் ஃபோர்ட்டின்பிராஸ். அவன் தந்தையைத் தனிப்போரில் கொன்றவன் ஹாம்லெட்டின் தந்தை. இழந்த நிலத்தை மீட்கப் படை திரட்டியவன், பெரியவர்கள் தடுத்ததும் டென்மார்க்கின் மீது கொண்ட பகையைக் கைவிடுகிறான். முடிவில் எல்லோரும் மாண்டு கிடக்கும் கூடத்துக்கு வந்து, போரிடாமலே அரியணையைப் பெறுகிறான். தாமதித்தவனும் மாண்டான், விரைந்தவனும் மாண்டான், பழியை விட்டவன் வாழ்ந்தான்!

இறுதிக் காட்சியில் ஹாம்லெட் அரசனைக் கொல்வது எப்போது? நஞ்சுண்டு தாய் வீழ்ந்து, லேயர்டஸ் அவையோர் முன்னிலையில் அரசனின் சூழ்ச்சியை வெளிப்படுத்திய பிறகே. முதல் அங்கத்தில் இல்லாத சாட்சி ஐந்தாம் அங்கத்தில் வந்தது. ஆனால் அப்போது அவன் உடலிலும் நஞ்சு ஏறிவிட்டது.

தமிழ் மேடையில்

சென்னையில் 1891-இல் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார், இந்நாடகத்தை 'அமலாதித்யன்' என்ற பெயரில் தமிழுக்குத் தந்தார். அவருடைய 'மனோகரா' நாடகமும் 1954-இல் திரைப்படமாகிப் புகழ்பெற்றது. அதிலும் கொதிக்கும் இளவரசன் ஒருவன் கைகட்டி நிற்கிறான். ஆனால் அவனைக் கட்டியது தாயின் ஆணை. தாய் அவிழ்த்ததும் பொங்கி எழுகிறான். ஹாம்லெட்டின் கட்டை அவிழ்க்க வேறொருவர் இல்லை. 'ராஜபார்ட் ரங்கதுரை' (1973) படத்தில் சிவாஜி கணேசன் ஹாம்லெட்டாகத் தோன்றும் காட்சியைப் பார்த்தவர்கள், அந்தத் தனிமையைச் சற்றேனும் உணர்ந்திருப்பர்.

முடிவுரை

வள்ளுவப் பெருந்தகை 'தெரிந்து செயல்வகை' என்றோர் அதிகாரம் வகுத்து, எண்ணிச் செய்க என்றார். அவரே 'வினைசெயல்வகை' அதிகாரத்தில், ஆராய்ச்சியின் எல்லை துணிவு என்றும், துணிந்தபின் காலம் தாழ்த்துவது தீது என்றும் கூறுகிறார். ஹாம்லெட்டின் பிழை எண்ணியதில் இல்லை. எண்ணத்துக்கு ஓர் எல்லை வகுக்காததில் இருக்கிறது. எண்ணியதையெல்லாம் தன்னந்தனியாய் எண்ணியதில் இருக்கிறது. எனக்குத் தோன்றும் விடை இதுவே.

என் கதைக்கு வருகிறேன். அன்று விடிந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹாம்லெட்டுக்குச் சாட்சி இல்லை. எங்களுக்குத் தேநீர்க் கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவனுக்குக் குற்றவாளியே நீதிபதி, எங்களுக்கு அப்படியில்லை. அவனுக்கு இல்லாத கதவு எங்களுக்குத் திறந்திருக்கும்போது, அதைத் தட்டாமல் அரிவாளைப் பார்த்துக்கொண்டே கிடப்பதும் தாமதம்தான். அரிவாளை எடுப்பது லேயர்டஸின் விரைவு. பட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு நிலத்தை அளக்கக் கோரி ஒரு மனுவும், அடித்ததைப் பற்றிக் காவல் நிலையத்துக்கு ஒரு புகாரும் எழுதினேன். அதுவரை எங்கள் வீட்டு மனுக்களையெல்லாம் காசு கொடுத்துப் பிறரை வைத்து எழுதியதுதான் வழக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் எழுதியதை அப்பாவுக்கு இருமுறை படித்துக் காட்டினேன். "இன்னொரு தடவை வாசி" என்றார். வாசித்தேன். பிறகு கைநாட்டு வைத்தார்.

அடித்தவரைக் காவல் நிலையத்தில் அழைத்து எச்சரித்தார்கள். நிலம் இன்னும் அளக்கப்படவில்லை. மாமா என்னோடு முன்போல் பேசுவதில்லை. நான் செய்தது அறிவா, கோழைத்தனமா என்று அவர் கண்கள் கேட்கின்றன. சில இரவுகளில் நானும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கேள்வியோடு வாழ்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரிவதால்தான், நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இளவரசன் ஒருவன் எனக்கு அடுத்த அறை மாணவனைப் போலத் தோன்றுகிறான். நண்பர்களே, தேர்வுக்காக அன்றி ஒருமுறை இந்நாடகத்தைப் படித்துப் பாருங்கள். உங்களுக்கும் அவன் அறிமுகமானவனாகவே இருப்பான்.